பட்டுக் கடையில் ‘பியூர்’ என்ற சொல்

காஞ்சிபுரம் காந்தி சாலையில் பட்டுச் சேலை எடுக்கச் செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இது பியூரா?” கடைக்காரரின் விடையும் ஒன்றுதான்: “பியூர்தாம்மா.” அத்துடன் பேச்சு முடிந்து விலை பேசத் தொடங்குகிறார்கள்.

இருவர் வாயிலும் வந்தது ஒரே சொல். ஆனால் இருவர் மனத்திலும் இருந்தது ஒரே பொருளா? கேட்ட தாயின் எண்ணத்தில், இழை முழுவதும் பட்டு, சரிகை வெள்ளியும் தங்கமும், நெய்தது கைத்தறியில், நெய்த ஊர் காஞ்சிபுரம் என்ற நான்கும் சேர்ந்திருக்கலாம். விடை சொன்னவரோ, பாவும் ஊடையும் பட்டு நூல் என்ற ஒன்றை மட்டுமே கருதியிருக்கலாம். அவர் சொன்னது பொய்யன்று. ஆயினும் அந்தத் தாய் ஏமாந்தே வீடு திரும்புகிறார். பொய் சொல்லாமலேயே ஒருவரை ஏமாற்ற இடம் தரும் சொல்லைக் குறித்து இறைநம்பிக்கையாளர்களாகிய நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது. தமிழகத்தின் பல ஊர்களில் துணிக்கடை நடத்துவோர் நம்மில் ஏராளம். நிக்காஹ்வுக்குப் பட்டெடுக்க காஞ்சிபுரம் செல்லும் குடும்பங்களும் ஏராளம். எனவே இது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சேர்ந்த பேச்சு.

ஒரு சொல், பல பொருள்

இலத்தீன் மொழியின் ‘பூருஸ்’ என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது ‘பியூர்’. இன்று அது சுமக்கும் பொருள்கள் பல. பிற பொருள் கலவாதது என்பது ஒன்று. அழுக்கற்றது என்பது இன்னொன்று. களங்கமற்ற மனத்துக்கும் அதே சொல்தான். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் ‘பியூர் மேத்ஸ்’ என்பதில் அது நடைமுறைப் பயன்பாட்டைக் கருதாத கணிதத்தைக் குறிக்கிறது. தற்செயலாகக் கிடைத்த வெற்றியை ‘பியூர் லக்’ என்னும்போது, ‘வேறொன்றுமில்லை, அது மட்டுமே’ என்ற அழுத்தத்தைத் தருகிறது. உணவகப் பலகையில் ‘பியூர் வெஜ்’ என்றால் இறைச்சி சமைக்காத அடுக்களை. நகைக்கடையில் ‘பியூர் கோல்டு’ என்றால் 24 காரட்.

தமிழில் இத்தனைக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. கலவாததைக் கலப்பற்றது என்கிறோம். போலி அல்லாததை அசல் என்கிறோம். அழுக்கற்றதைச் சுத்தம் என்கிறோம். உள்ளத்தைச் சொல்லும்போது தூய்மை என்கிறோம். இவற்றுள் ‘அசல்’ அரபு மொழியின் ‘அஸ்ல்’, அதாவது வேர், மூலம் என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு எதிர்ச்சொல்லாக வழங்கும் ‘நகல்’ என்பதும் அரபிலிருந்து வந்ததே. நம் கடைத்தெருவில் முன்பு ‘அசல் பட்டு’ என்ற சொல்லாட்சி இருந்தது. அதன் இடத்தை ‘பியூர்’ பிடித்துக்கொண்டபோது, தனித்தனியாக நின்ற கேள்விகள் எல்லாம் ஒரே சொல்லுக்குள் கரைந்துபோயின.

மார்க்கத்தின் மொழியும் இவற்றைப் பிரித்தே பேசுகிறது. உளூவுக்கு ஏற்ற தண்ணீரின் தூய்மை ‘தஹாரத்’ சார்ந்தது. உண்ணத் தகுந்த, நல்ல வழியில் வந்த பொருள் ‘தய்யிப்’. வேறெதுவும் கலவாதது ‘காலிஸ்’. ‘இக்லாஸ்’ என்னும் மனத்தூய்மையும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். தூய்மையும் வளர்ச்சியும் சேர்ந்த பொருளில் ‘ஸகாத்’ என்ற சொல்லின் வேர் வருகிறது. திருக்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இந்நான்கு வேர்களின் சொற்களும் பல இடங்களில் ‘பியூர்’ என்ற ஒரே சொல்லாக வருவதைக் காணலாம். அரபில் நான்கு கதவுகள் இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ஒரே கதவு. உள்ளே சென்றவர் எந்த அறைக்குள் நிற்கிறார் என்பது அவருக்கே தெரிவதில்லை.

காஞ்சிபுரத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னும் சில பொருள்கள் சேர்ந்துகொள்கின்றன. ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன், வரதராசப் பெருமாள் கோயில்கள் உள்ள ஊர் அது. பட்டு மடியானது, சடங்குகளுக்கு ஏற்ற தூய்மையுடையது என்பது நம் இந்து அண்டை வீட்டார் பலரின் நெடுங்கால மரபு. அதே ஊரின் சங்கர மடத்துத் தலைவராக இருந்த சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகளோ, பட்டுப்புழுக்களைக் கொன்று நூல் எடுக்கப்படுவதால் பட்டு உடுத்துவதைத் தவிர்க்குமாறு தம் அன்பர்களுக்கு அறிவுறுத்தினார். பட்டே தூய்மையான ஆடை என்ற கருத்தும், உயிர்க்கொலை கலந்ததால் பட்டு தூய்மையாகாது என்ற கருத்தும் ஒரே ஊரில் வாழ்ந்திருக்கின்றன. ஒருவர் பொருளின் தன்மையைப் பார்த்தார். மற்றவர் அது வந்த வழியைப் பார்த்தார். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னர் நமக்கும் இது தேவைப்படும்.

‘பியூர் சரிகை’யே ஒரு கலவை

முதலில் சரிகையைப் பார்ப்போம். ஏனெனில் ‘பியூர்’ என்ற சொல் அதிகம் புழங்குவதும், அதிகம் குழப்புவதும் அங்கேதான்.

சரிகை என்ற சொல் பாரசீகத்தில் தங்கத்தைக் குறிக்கும் ‘ஸர்’ என்பதிலிருந்து வந்தது. பெயரில் தங்கம் இருக்கிறது. ஆனால் காஞ்சிபுரம் சேலைக்கு உரிய உயர்தரச் சரிகையில் தங்கத்தின் பங்கு ஏறத்தாழ அரை சதவீதமே. வெள்ளி 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். எஞ்சியவை செம்பும், நடுவில் ஓடும் பட்டு நூலும். சிவப்பு நிறமேற்றிய பட்டு இழையைச் சுற்றி மெல்லிய வெள்ளித் தகட்டு இழையைப் பின்னி, அதன்மேல் தங்க முலாம் ஏற்றுகிறார்கள். சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று அனுபவசாலிகள் பார்ப்பது இதனால்தான். குஜராத்தின் சூரத் நகரம் இத்தொழிலின் பெருமையமாக நெடுங்காலமாக விளங்குகிறது. நெசவாளர்களுக்குத் தரமான சரிகை கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தமிழக அரசும் 1971இல் காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தை ஏற்படுத்தியது.

ஆக, ‘பியூர் ஜரிகை’ என்று நாம் அழைப்பது நான்கு பொருள்களின் கலவை. கலப்பற்றது என்ற பொருளில் அதைப் ‘பியூர்’ என்று சொல்லவே முடியாது. சொல்லப்பட்ட அளவில், சொல்லப்பட்ட பொருள்கள் இருக்கின்றன என்ற பொருளில் மட்டுமே அது ‘பியூர்’. இதற்கு அடுத்த படியில், செம்பின்மேல் சிறிதளவு வெள்ளி பூசிய ‘ஹாஃப் ஃபைன்’ சரிகை இருக்கிறது. அதற்கும் கீழே, ‘டெஸ்டட்’ சரிகையும், பாலியெஸ்டர் படலத்தில் உலோகப் பளபளப்பு ஏற்றிய சரிகையும் இருக்கின்றன. கண்ணாடி மேசையின் மேல் விரித்து, விளக்கொளியில் பார்க்கும்போது இவை எல்லாமே பொன்னாக மின்னும்.

பட்டு நூலுக்குள் செயற்கைச் சரிகை ஓடும் சேலையை ‘பியூர் சில்க்’ என்று சொன்னால் அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. வாங்கியவர் ஆண்டுகள் கழித்து, பழஞ்சரிகை வாங்குபவரிடம் எடுத்துச் செல்லும்போதுதான் உண்மை வெளிப்படும். அவசரத்துக்கு உதவும் என்று பெட்டியில் பூட்டி வைத்திருந்த சேலைக்கு வெள்ளி மதிப்பு எதுவுமில்லை என்று அன்று அந்தக் குடும்பம் அறியும்.

முத்திரைகள் எதற்கு விடை சொல்கின்றன?

“முத்திரை இருக்கிறதே, பிறகென்ன?” என்று சிலர் கேட்கலாம். முத்திரைகள் பயனுள்ளவைதாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது.

மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004இல் ‘சில்க் மார்க்’ முத்திரை அறிமுகமானது. இழை இயற்கைப் பட்டுதானா என்ற கேள்விக்கு அது விடை தருகிறது. சேலை கைத்தறியில் நெய்யப்பட்டதா என்பதையோ, சரிகை எத்தகையது என்பதையோ அது உறுதி செய்வதில்லை. விசைத்தறியில் ஓடிய பட்டும் பட்டுதான். கையால் நெய்ததா என்ற கேள்விக்கு 2006இல் வந்த ‘ஹேண்ட்லூம் மார்க்’ விடை சொல்கிறது. எந்த ஊர் மரபில் நெய்தது என்பதற்குப் புவிசார் குறியீடு விடை சொல்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு அது 2005-06இல் கிடைத்தது. ஆரணிப் பட்டுக்கும் திருபுவனம் பட்டுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடுகள் உண்டு. அவையும் சிறந்த பட்டுகளே. ஆனால் ஆரணிச் சேலையை ஆரணிச் சேலை என்று சொல்லி விற்பதுதான் நேர்மை. காஞ்சிபுரத்துக் கடையில் இருப்பதாலேயே ஒரு சேலை காஞ்சிபுரம் பட்டு ஆகிவிடாது.

கைத்தறியா என்ற கேள்வி வெறும் ரசனை சார்ந்ததன்று. காஞ்சிபுரத்தின் கோர்வைச் சேலையில் உடலின் நிறம் ஒன்று, கரையின் நிறம் வேறொன்று. உடலுக்கும் இருபுறக் கரைகளுக்கும் தனித்தனி நாடாக்கள் ஓடும். ஒருவர் தறியில் அமர, இன்னொருவர் பக்கத்தில் இருந்து கரைக்கான நாடாவைத் தள்ள வேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் இரண்டு நிறங்களும் சந்திக்கும் இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பல நாள்கள், சில வேளைகளில் வாரக்கணக்கிலும் ஆகும். இந்த உழைப்பைக் காப்பதற்காகவே 1985இல் கைத்தறிக்கெனச் சில துணி வகைகளை ஒதுக்கீடு செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி விலைக்கு விற்பவர் வாங்குபவரை மட்டும் ஏமாற்றவில்லை. தறிக்குழியில் கால் மடக்கி உட்கார்ந்திருக்கும் நெசவாளருக்குப் போக வேண்டிய கூலியையும் அவருக்குத் தெரியாமலே எடுத்துக்கொள்கிறார்.

மாப்பிள்ளைக்கு மட்டும் விடை தலைகீழ்

பெண்ணுக்குச் சேலை எடுத்த பிறகு மாப்பிள்ளைக்கும் துணி எடுக்கிறோம். அங்கே ‘பியூர்’ என்ற சொல்லுக்கு நம்மிடம் நேர்மாறான விளைவு உண்டு. பட்டும் தங்கமும் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டவை, ஆண்களுக்குத் தடுக்கப்பட்டவை. இது நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம். எனவே மணமகனின் வேட்டியோ ஷெர்வானியோ ‘பியூர் சில்க்’ என்றால் அது பெருமையன்று, விலக்க வேண்டிய காரணம். செயற்கை இழையால் ஆன ‘ஆர்ட் சில்க்’ என்றால் பெயரில் பட்டு இருந்தாலும் அது பட்டன்று.

கலப்பைப் பற்றி மார்க்க அறிஞர்கள் எவ்வளவு நுட்பமாகப் பேசினார்கள் என்பதை இங்கே காணலாம். ஆடையில் இரண்டு, மூன்று, நான்கு விரல் அகலம் வரையிலான பட்டுக்கு விலக்கு உண்டு என்பது உமர் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தோல் அரிப்பின் காரணமாக ஸுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஆகிய இருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் பட்டுச் சட்டை அணிய அனுமதி அளித்ததும் ஹதீஸ்களில் உள்ளது. பட்டும் வேறு நூலும் கலந்த துணியில், எடையில் எது மிகுதி என்று ஷாஃபிஈ அறிஞர்கள் பார்த்தார்கள். ஊடை எந்த நூல் என்று ஹனஃபி அறிஞர்கள் பார்த்தார்கள். தறியைப் பற்றிய அறிவு ஃபிக்ஹ் நூல்களுக்குள் இவ்வாறு இடம்பெற்றது. தம் விஷயத்தில் எதைப் பின்பற்றுவது என்பதை அவரவர் ஊர் ஆலிம்களிடம் கேட்டறிந்துகொள்ளலாம்.

குஜராத்தில் நெய்யப்படும் ‘மஷ்ரூ’ என்ற துணி இதற்கு அழகான சான்று. பாவில் பட்டு, ஊடையில் பருத்தி. வெளிப்புறம் பட்டாக மின்னும்; உடலைத் தொடும் உட்புறம் பருத்தி. ‘மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது’ என்ற பொருள் தரும் அரபுச் சொல்லே அதன் பெயராயிற்று. அது ஒரு கலப்புத் துணி. ஆனால் அதன் கலப்பு எவரிடமும் மறைக்கப்படவில்லை. கலப்பு தெரிந்திருந்ததாலேயே அதற்கு அந்தப் பெயர் கிடைத்தது.

கலப்பது குற்றமன்று, மறைப்பதே குற்றம்

என் கருத்து இதுதான். வணிகத்தில் தூய்மை என்பது கலவாமையைக் குறிப்பதன்று. சொல்லும் பொருளும் ஒத்திருப்பதே வணிகத்தின் தூய்மை.

தங்க நகையை எடுத்துக்கொள்ளுங்கள். 24 காரட் தங்கம் மென்மையானது. நகைக்கு உறுதி வேண்டும் என்பதற்காகப் பிற உலோகம் சேர்க்கிறார்கள். 916 என்ற முத்திரை, ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மீதி தங்கமன்று என்பதையும் அதே முத்திரை ஒப்புக்கொள்கிறது. வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார். அங்கே கலப்பு இருக்கிறது, மோசடி இல்லை. அதே நகையை 24 காரட் என்று விற்றால், உலோகம் மாறவில்லை, சொல் மட்டுமே மாறியது. ஆனால் வியாபாரம் ஹராமாகிவிட்டது.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்துப் பார்த்த நிகழ்வு நாம் அனைவரும் அறிந்தது. மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அவ்வாறாயின் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தானியம் நனைந்ததற்காக அந்த வணிகர் கண்டிக்கப்படவில்லை. மழை அவர் கையில் இல்லை. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்றும் தடுக்கப்படவில்லை. ஈரத்தை மேலே கொண்டுவரச் சொன்னார்கள். அவ்வளவுதான். அந்த வணிகரும் காய்ந்த தானியம் என்று வாயால் பொய் சொன்னதாகச் செய்தியில் இல்லை. குவியலை அடுக்கிய விதமே பொய்யாக நின்றது. ‘பியூர்’ என்ற சொல்லும் பல வேளைகளில் அப்படி அடுக்கப்பட்ட குவியல்தான். மேலே பட்டு, உள்ளே என்ன சரிகை என்பது கையை நுழைத்தால்தான் தெரியும்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரின் பெருமைமிக்க துணி வணிகர். பட்டும் கம்பளியும் கலந்த ‘கஸ்’ என்ற துணியே அவர்களுடைய வணிகப் பொருள். அதாவது நம் இமாம் விற்றதும் கலப்புத் துணியே. குறையுள்ள ஒரு துணியைக் கூட்டாளியிடம் கொடுத்து, விற்கும்போது குறையைச் சொல்லிவிடுமாறு அறிவுறுத்தினார்கள். கூட்டாளி மறந்துவிட்டார்; வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தி அறிந்த இமாம், கிடைத்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களுடைய வரலாற்றை எழுதியோர் பதிவு செய்துள்ளனர். கூட்டாளி வாய் திறந்து பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் விலையையே இமாம் திருப்பிக் கொடுத்தார்கள்.

“கடைத்தெருவில் ‘பியூர்’ என்றால் என்ன பொருள் என்பது எல்லாருக்கும் தெரியும், அது தொழில் வழக்கு” என்று வணிகச் சகோதரர்கள் சொல்லக்கூடும். வழக்கத்துக்கு மார்க்கத்தில் மதிப்பு உண்டு என்பது உண்மையே. ஆனால் இருதரப்பும் அறிந்திருந்தால்தான் அது வழக்கு. விற்பவருக்கு மட்டும் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்தால் அது வழக்கன்று, வாய்ப்பு. இன்னொரு வாதமும் உண்டு: “உண்மையைச் சொன்னால் வாடிக்கையாளர் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.” இது எளிதாகத் தள்ளிவிடக்கூடிய வாதமன்று, வாடகையும் சம்பளமும் கொடுக்க வேண்டியவரின் கவலை அது. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் உயர்தரச் சரிகைச் சேலையின் விலை குடும்பங்களின் கைக்கு எட்டாமல் போகிறது; வாடிக்கையாளரின் நிதிக்கு ஏற்ற பொருளைக் கொடுத்தே கடை நடத்த வேண்டியிருக்கிறது. அதைத் தாராளமாகக் கொடுக்கட்டும். “அம்மா, நூல் பட்டு, சரிகை டெஸ்டட், அதனால்தான் இந்த விலை” என்று சொல்லிக் கொடுக்கட்டும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்ற நபிமொழியை நம்புகிறவர்கள், எழுந்து போன ஒரு வாடிக்கையாளருக்காக அஞ்ச வேண்டியதில்லை.

வந்த வழியின் தூய்மை

இதுவரை பேசியது ‘காலிஸ்’ பற்றி. ‘தய்யிப்’ பற்றியும் பேசாவிட்டால் இக்கட்டுரை குறையுடையதாகும். இழை பட்டு, சரிகை வெள்ளி, தறி கைத்தறி, ஊர் காஞ்சிபுரம் என எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சேலை தூய்மையற்றதாக இருக்கக்கூடும்.

கோர்வைக்கு இரண்டாம் ஆள் வேண்டும் என்றோம். அந்த இரண்டாம் ஆளாகப் பல ஆண்டுகள் தறியருகே உட்கார்ந்திருந்தவர்கள் குழந்தைகள். முதலாளியிடம் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் பள்ளியை விட்டுத் தறிக்குப் போனார்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அன்று அந்தக் குழந்தைகள் நாடா தள்ளிய சேலைகளும் ‘பியூர்’ என்றே விற்கப்பட்டன. அன்றைய நிலை பின்னர் மாறத் தொடங்கியதற்கு அரசின் நடவடிக்கைகளும் ஊர் மக்களின் விழிப்பும் காரணம். ஆனால் கேள்வி இன்னும் தீர்ந்துவிடவில்லை. நெய்தவருக்கு உரிய கூலி உரிய நேரத்தில் சென்றதா? கூலிக்காரரின் வேர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று ஸஹீஹ் புகாரியில் வரும் எச்சரிக்கையை அறிந்தவர்கள் நாம்.

வாங்குபவர் பக்கத்திலும் இதே கேள்வி உண்டு. மகளின் நிக்காஹ்வுக்கு ‘பியூர்’ பட்டே வேண்டும், சம்பந்தி வீட்டார் முன்னால் தலை நிமிர வேண்டும் என்று வட்டிக்குக் கடன் வாங்கிச் சேலை எடுக்கும் தந்தையர் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். சேலையின் ஒவ்வோர் இழையும் பட்டாக இருக்கலாம். அதற்குக் கொடுத்த பணத்தில் ரிபா கலந்துவிட்டதே. நெடும்பயணத்தில் தலை கலைந்து, புழுதி படிந்து, கைகளை உயர்த்தி இறைவனை அழைக்கும் ஒரு மனிதரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அவருடைய உணவும் பானமும் ஆடையும் ஹராமானவை. அவருடைய பிரார்த்தனை எவ்வாறு ஏற்கப்படும் என்று கேட்டார்கள். அந்தச் செய்தியில் ஆடை தனித்துக் குறிப்பிடப்பட்டிருப்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஆடை எந்த நூலால் ஆனது என்பது அங்கே பேச்சே இல்லை. எந்த வழியில் வந்தது என்பதே பேச்சு.

கையிருப்பில் எடுத்த எளிய சேலை, வட்டிக் கடனில் எடுத்த உயர்தரச் சேலையைவிடத் தூய்மையானது. அது டெஸ்டட் சரிகையாக இருக்கட்டும், பருத்தியாகவே இருக்கட்டும். இதைச் சொல்வதற்கு மணமகன் வீட்டார் முன்வர வேண்டும். “பட்டு எப்படி இருந்தாலும் சரி, கடன் வேண்டாம்” என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால், ஒரு தந்தையின் பல ஆண்டுச் சுமை இறங்கிவிடும்.

இனி என்ன கேட்கலாம்?

‘பியூரா?’ என்று கேட்பதை நிறுத்துவோம். அதற்குப் பதிலாகத் தனித்தனியே கேட்போம். பாவும் ஊடையும் முழுப் பட்டா? சரிகை எந்த வகை? கைத்தறியா, விசைத்தறியா? எந்த ஊரில் நெய்தது? இந்நான்குக்கும் கிடைக்கும் விடைகளை ரசீதில் எழுதித் தரச் சொல்வோம். வாயால் எளிதில் சொல்லும் சொல்லை எழுதச் சொல்லும்போது கை தயங்கும். அந்தத் தயக்கமே நமக்கு விடை. சேலையிலிருந்து பிரியும் ஓர் இழையை எரித்துப் பார்த்தால், பட்டு முடி கருகும் வாடையுடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகி உருண்டையாகும். உலோகக் கலவையை அளக்க இன்று எக்ஸ்-கதிர்க் கருவிகளும் உள்ளன. பெரிய தொகைக்கு எடுப்பவர்கள் சோதித்துத் தரக் கேட்பதில் வெட்கமில்லை. ஐந்தாவது கேள்வியை மட்டும் கடைக்காரரிடம் கேட்க முடியாது. அது நம்மிடமே கேட்க வேண்டியது: இதற்கு நான் கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது?

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அலமாரியின் ஒவ்வொரு தட்டிலும் நூல், சரிகை, தறி, ஊர் என்று நான்கு வரிகள் எழுதி ஒட்டுங்கள். கடைப் பணியாளர்களுக்கு விற்பனைப் பேச்சைக் கற்றுக்கொடுக்கும் முன் இந்த நான்கையும் கற்றுக்கொடுங்கள். வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் சரிகையின் வகையைச் சொல்வது கடையின் வழக்கமாகட்டும். சத்தியத்தை அசத்தியத்தோடு கலக்க வேண்டாம், தெரிந்துகொண்டே உண்மையை மறைக்க வேண்டாம் என்று இறைமறை சேர்த்தே தடுத்திருக்கிறது. துணியில் கலப்பதற்கு ஆயிரம் நியாயங்கள் இருக்கலாம். சொல்லில் கலப்பதற்கு ஒன்றும் இல்லை.

நம் வணிகத்தையும் நம் வீட்டுத் திருமணங்களையும் சொல்லும் செயலும் ஒத்தவையாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.